24 நாள் நடந்தும் எடை குறையலையா? மெஷினை விடுங்க, டேப்பை எடுங்க!

காலை 6.40 மணி. புதுக்கோட்டையில் இருக்கும் என் தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வெயிட் மெஷின் மேல் இரண்டு பாதங்கள், நடுவில் 71.9 என்று ஒரு நம்பர். கீழே அவள் புலம்பல்: "ஆரம்பிச்சப்போ 71.4 டி. 24 நாள் புதுக்குளத்தைச் சுத்திச் சுத்தி வந்து அரை கிலோ ஏத்தியிருக்கேன். நாளையிலேர்ந்து நான் போகல."

அவளுக்கு 27 வயது. வங்கி வேலை, நாள் முழுக்க நாற்காலி. கல்யாண போட்டோவுக்காக நடக்க ஆரம்பித்தவள் இல்லை அவள். ஆபீஸில் நடந்த ஹெல்த் செக்கப்பில், மூன்று மாத சராசரி சர்க்கரை அளவான ஹெச்.பி.ஏ1சி 6.0 என்று வந்திருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் 'ப்ரீ-டயாபடீஸ்', அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அவள் அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. கால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிடுவதே இவள்தான். அதனால், 'நாளையிலேர்ந்து போகல' என்பது எனக்குச் சாதாரண புலம்பலாகத் தெரியவில்லை.

இப்படி மூன்றாவது, நான்காவது வாரத்தில் கைவிடும் ஆளா நீங்களும்? அப்போ இது உங்களுக்குத்தான்.

மெஷின் என்ன சொல்லுது?

முதலில் ஒரு விஷயம். மெஷின் காட்டுவது கொழுப்பின் எடையை மட்டும் அல்ல. எலும்பு, தசை, ரத்தம், நீங்கள் குடித்த தண்ணீர், வயிற்றில் இருக்கும் நேற்றைய சாப்பாடு எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு அது.

ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டீர்களா? அதிலுள்ள உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலையில் எடை கூடித்தான் இருக்கும். பெண்களுக்குப் பீரியட்ஸுக்கு முந்தைய நாள்களிலும் உடம்பில் நீர் சேரும். இந்தக் காரணங்களால் மட்டுமே எடை ஒன்று, இரண்டு கிலோ மேலும் கீழுமாகப் போய்வரலாம். ஒரு மாதத்தில் நீங்கள் நிஜமாகக் குறைக்கும் கொழுப்பே அவ்வளவுதான் இருக்கும். அது இந்த ஏற்ற இறக்கத்துக்குள் காணாமல் போய்விடுகிறது.

புதிதாக நடக்கவோ உடற்பயிற்சி செய்யவோ ஆரம்பிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழக்கமில்லாத வேலையைச் செய்த தசை, தன்னைச் சரிசெய்துகொள்ளத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடுத்த நாள் வேலைக்காக 'கிளைக்கோஜன்' என்ற சர்க்கரையையும் சேமித்து வைக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு கொஞ்சம் கரைந்திருந்தாலும், அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. 'கொழுப்பு தசையா மாறிடுச்சு, அதான் வெயிட் குறையல' என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது சரியல்ல. கொழுப்பு தசையாக மாறாது. மூன்று வாரத்தில் கிலோ கணக்கில் தசையும் ஏறாது.

'என் ஃப்ரெண்டுக்கு மட்டும் ஒரே வாரத்துல மூணு கிலோ குறைஞ்சுதே?' என்று கேட்கலாம். சோற்றையும் இட்லியையும் திடீரென நிறுத்தினால் முதலில் காலியாவது அதே கிளைக்கோஜன்தான். கூடவே அதன் தண்ணீரும் போய்விடும். அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் தோராயமாக 120 கலோரி செலவாகும். சாப்பாட்டில் எதையும் மாற்றாமல், நடையை மட்டும் வைத்து ஒரு கிலோ குறைக்க ஏறக்குறைய 64 நாள் ஆகும். என் தோழி எதிர்பார்த்தது 24 நாளில்!

அவளிடம் இன்னொன்றையும் கேட்டேன். "நடந்து முடிச்சதும் என்ன பண்ணுவ?" சிரிப்பு ஸ்மைலியோடு பதில் வந்தது: "டீயும் ஒரு உளுந்து வடையும். எல்லாரும் அங்கதான் நிப்பாங்க." சர்க்கரை போட்ட டீ, எண்ணெய் குடித்த வடை இரண்டும் சேர்ந்தால் அன்றைய நடைக்கான கலோரி அப்படியே திரும்பி வந்துவிடும். அவள் நடந்தது வீணில்லை. அதற்கான பலன் வேறு இடத்தில் இருக்கிறது, வருகிறேன். ஆனால், எடை குறைய வேண்டுமென்றால் நடையோடு தட்டும் மாறணும்.

தட்டை மாற்றினாலும் வேகம் ஒரே மாதிரி இருக்காது. எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவைப்படும் கலோரியும் குறையும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழு 2011-ல் 'லான்செட்' இதழில் இதை ஒரு கணித மாதிரியாகவே வெளியிட்டது. தினசரி சாப்பாட்டில் நிலையாக ஒரு சிறு அளவைக் குறைத்தால், அதனால் கடைசியில் குறையப்போகும் எடையில் பாதி குறையவே சுமார் ஓராண்டு ஆகும் என்கிறது அது. ரீல்ஸில் 30 நாள் சேலஞ்ச் பார்த்துப் பழகிய நமக்கு இது கசக்கத்தான் செய்யும்.

எடை குறையாமலே கிடைத்த பலன்

சரி, அந்த 24 நாள் எங்கே போனது? இதற்கான பதில் நம்ம சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்ற ஆய்வை நடத்தி, 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. அதில் பங்கேற்ற 531 பேரும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள், அதாவது என் தோழியைப்போல. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு தினமும் குறைந்தது அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும். மற்ற பிரிவுகளுக்கு மாத்திரையும் தரப்பட்டது.

சுமார் மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 பேர்தான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை!

எப்படி? வேலை செய்யும் தசை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். தொடர்ந்து நடந்தால் இன்சுலின் பேச்சை உடம்பு இன்னும் நன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். இதற்கு எடை குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காக எடை முக்கியமே இல்லை என்று அர்த்தமில்லை. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியோடு 7 சதவிகித எடைக் குறைப்பையும் இலக்காக வைத்தார்கள். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவிகிதம் குறைந்தது. எடையும் குறைந்தால் இன்னும் நல்லது. ஆனால், குறையாத நாள்களும் வெட்டி நாள்கள் அல்ல.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வறண்டு கிடக்கும் மண்ணில் முதல் மழை பெய்ததும் கண்மாய் நிறைந்துவிடுமா? தண்ணீரை முதலில் மண் குடிக்கும். அப்புறம்தான் கண்மாயில் நிற்கும். அதைப் பார்த்து 'மழையே பெய்யல'ன்னு யாரும் சொல்வதில்லையே.

அப்போ எதை வெச்சு அளக்கிறது?

* எடையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பாருங்கள். காலையில், பாத்ரூம் போய்வந்த பிறகு, வெறும் வயிற்றில், அதே மெஷினில். ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடாமல், இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

* தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டபிறகு அளக்கணும். வயிற்றை எக்கினால் நம்மை நாமே ஏமாத்திக்கிறோம். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

* எத்தனை நாள் நடந்தீர்கள் என்பதை காலண்டரில் டிக் அடியுங்கள். எடை நம் கையில் இல்லை, நடை நம் கையில் இருக்கிறது.

* ஒரு நாள் விட்டுப்போனால் போகட்டும். ஒரு செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு சொல்கிறது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு

இரண்டு, மூன்று மாதம் சாப்பாட்டிலும் நடையிலும் ஒழுங்காக இருந்தும் எடையும் இடுப்பளவும் அசையவே இல்லையா? டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, பி.சி.ஓ.எஸ், சாப்பிடும் சில மாத்திரைகள், தூக்கமின்மை என்று காரணம் வேறாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பொறுமை இழந்து ஆன்லைனில் பவுடர் வாங்குவதும், பட்டினி கிடப்பதும் மட்டும் வேண்டாம்.

இவ்வளவையும் வாய்ஸ் நோட்டில் சொல்லி முடித்தேன். ஆனால், அவளை மறுநாள் எழுப்பியது நான் இல்லை, அவள் அம்மா. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் அதோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். அதில் அம்மாவும் ஒருவர். "மூணு நாள் விழுந்து முட்டியெல்லாம் ரத்தம். நாலாவது நாளும் விழுந்தேன். அன்னிக்கே சைக்கிளைப் போட்டுட்டு வந்திருந்தா, நான் எப்படி டவுனுக்கு வேலைக்குப் போயிருப்பேன்? எந்திரிடி" என்றாராம்.

இப்போது 11-வது வாரம். டீ இருக்கிறது, சர்க்கரை பாதி, வடை ஞாயிற்றுக்கிழமை மட்டும். எடை 70.1. இடுப்பு 94 சென்டிமீட்டரிலிருந்து 90. அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை. "6.0 குறையுமா?" என்று கேட்டால், "தெரியாதுடி. டெஸ்ட் அன்னிக்கும் நடந்துட்டுதான் போவேன்" என்கிறாள்.