சவுக்குத் தோப்பும் விறகு மின்சாரமும்

சென்னையின் தென்புறம் முட்டுக்காடு, கோவளத்தில் தொடங்கி செய்யூர், மரக்காணம் வழியாகக் கடலூர் வரை நீளும் மணற்பாங்கான நிலத்தில் சவுக்கு ஒரு பயிராகவே வளர்க்கப்படுகிறது. இந்தத் தோப்புகளில் பெரும்பாலானவை வனத்துறைக்குச் சொந்தமானவை அல்ல. சில ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளின் பட்டா நிலங்கள். தாம்பரத்தைச் சுற்றி இருக்கும் வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் விறகு வெட்ட இடமில்லை. எரிக்க மரம் வேண்டுமென்றால் தனியார் நிலத்தைத்தான் நாட வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்கு ஆசியக் கடற்கரைகளிலும் இயல்பாக வளரும் சவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பரவியதற்குக் காரணமே எரிபொருள் தேவைதான். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டியிருந்ததால் நீராவி எஞ்சின்களுக்கு விறகும் தேவைப்பட்டது. வளர்ந்துவந்த நகரத்தின் அடுப்புகளும் விறகு கேட்டன. கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை 1931இல் மின்மயமான பிறகும், சமையல் எரிவாயு வீடுகளை எட்டும் வரை, தெருவுக்குத் தெரு விறகுத்தொட்டிகள் இருந்தன. அவற்றில் அடுக்கப்பட்டிருந்த கட்டைகளில் கணிசமானவை சவுக்கு.

விறகு மரங்களில் சவுக்குக்குத் தனி இடம் உண்டு. கிலோவுக்கு 5,000 கிலோகலோரிக்கு நெருக்கமான வெப்பம் தரும்; இந்திய நிலக்கரியில் பெரும்பகுதி இந்த அளவை எட்டாது. ஈரக் கட்டையும் ஓரளவு எரியும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. வேறு பயிர் தாங்காத வெறும் மணலிலும் இது செழிப்பது அதனால்தான்.

மீட்டருக்கு ஒரு கன்று நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 கன்றுகள் வரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டலாம். வெட்டும்போது நேரான கழிகள் கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் போகின்றன. பட்டை உரித்த தண்டு காகித ஆலைக்கு. வேர்க்கட்டையும் மிலாறும் அடுப்புக்கும் சூளைக்கும். ஆக, எரிபொருளாவது பெரும்பாலும் மிச்சம்தான், அதற்குக் கிடைக்கும் விலையும் மிகக் குறைவு.

மரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எரியும்போது வெளியாகும் கரியமிலவாயுவை அடுத்து வளரும் மரம் திரும்ப உறிஞ்ச வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் விறகு மின்நிலையங்கள் எரிக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டை தானே துளிர்த்துவிடும். ஆனால் வழக்கமான சவுக்கு அப்படித் துளிர்ப்பது அரிது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் நிலத்துக்காரர் மீண்டும் கன்று வாங்கி நட வேண்டும். அவர் நடாமல் விட்டால் அந்த விறகுக்கும் நிலக்கரிக்கும் காற்றைப் பொறுத்தவரை வேறுபாடு அதிகமில்லை.

அவர் நடுவாரா என்பது இப்போது பெரிய கேள்வி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றேகால் கிலோ விறகு என்று வைத்துக்கொண்டால், ஒரு மெகாவாட் நிலையத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 டன் தேவை. இவ்வளவு மரத்தை இடைவிடாமல் தருவதற்கு நிலம் தோப்பாகவே நீடிக்க வேண்டும். ஆனால் தாம்பரம், கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம் என நகரம் தெற்கே நகர நகர, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தோப்புகள் மனைகளாகின்றன. நான்கு ஆண்டுச் சவுக்கு வருமானத்தால் மனை விலையோடு போட்டியிட முடியாது.

இயற்கைக் காடுகளை நம்பாமல், மரம் வளர்ப்போருடன் நேரடி உறவு வைத்துத் தொழிற்சாலைகள் மூலப்பொருள் பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை சொல்கிறது. கரூர் மாவட்டம் புகளூரில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் விவசாயிகளுக்குக் கன்று கொடுத்து, விளைந்த மரத்தை வாங்கிக்கொள்ளும் திட்டத்தை நடத்துகிறது. விறகு எரிக்கும் மின்நிலையங்களும் கொதிகலன் வைத்திருக்கும் ஆலைகளும் அதே வழியில், நடவு நேரத்திலேயே விலை பேசி ஒப்பந்தம் போட வேண்டும். வெட்டும் நாளில் மட்டும் வந்து மிச்சக் கட்டையைக் குறைந்த விலைக்கு எடுத்துப் போனால், அடுத்த நடவுக்கு நிலத்துக்காரரிடம் பணமும் இருக்காது, மனமும் இருக்காது.