பழைய எஞ்சினைப் பொருத்துமுன் கமக்காரர் பார்க்கவேண்டியவை

வன்னிப் பெருநிலத்தில் காலபோக நெல் மாரி மழையாலும் குளத்து நீராலும் விளைகின்றது. ஆனால் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலும் வவுனியாவின் மேட்டு நிலங்களிலும் பயிராகும் மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியன பெரும்பாலும் இறைப்பு நீரையே நம்பி நிற்கின்றன. பூக்கும் பருவத்தில் நீரிறைக்கும் இயந்திரம் சில நாட்கள் நின்றுவிடின், அப்போகத்தின் உழைப்பு முழுவதும் வீணாகலாம். அவ்வேளையிற் கமக்காரர் அவசரப்பட்டுப் பழைய இரும்புக் கடையிற் கிடைத்த எஞ்சினை வாங்கிவந்து பொருத்த முனைவது இயல்பே. பழைய எஞ்சின் வாங்குதல் தவறன்று. அளந்து பாராது வாங்குதலே தவறு.

இவ்விடயத்தில் வன்னி மக்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1990 முதல் 2002 வரை நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஒன்றன் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தும் திறமையும் அக்காலத்திலேயே வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின், கைவிடப்பட்ட இயந்திரங்கள் பல வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்தன. ஆகவே பழைய எஞ்சின் வாங்குவோர், அது பொருந்துமா என்பதையும் உள்ளே கெடாதிருக்கின்றதா என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

1. வேண்டிய வலு

ஒரு வினாடியில் 75 கிலோகிராம் பாரத்தை ஒரு மீற்றர் உயர்த்தும் வலுவே ஒரு குதிரைவலு. வினாடிக்கு 10 லீற்றர் நீரை 8 மீற்றர் உயர்த்த வேண்டுமாயின், நீருக்கு மட்டும் ஒரு குதிரைவலுவுக்குச் சற்று அதிகம் வேண்டும். பம்பியிற் பாதி வலு வீணாகும் எனக் கொண்டால் அது இரண்டு குதிரைவலுவுக்கு மேலாகும். குழாயின் உராய்வுக்கும் எஞ்சினின் முதுமைக்கும் இடங்கொடுத்து மூன்று குதிரைவலு எனக் கொள்வது தகும்.

பெரிய எஞ்சின் பூட்டினால் ஆழக் கிணற்று நீரும் மேலேறும் எனச் சிலர் எண்ணுவர். இது பிழை. பம்பிக்கு நீரை ஏற்றுவது காற்றின் அழுத்தமே. கணக்கின்படி 10 மீற்றர் வரை ஏறலாமாயினும், நடைமுறையில் 6 அல்லது 7 மீற்றருக்கு மேல் உறிஞ்ச இயலாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் எஞ்சினை மாற்றிப் பயனில்லை. எஞ்சினைக் கிணற்றுள் இறக்கி ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு உள்ளே இறங்குவோரின் உயிரைப் போக்கும்.

2. சுழற்சி வேகம்

வலு ஒத்திருந்தாலும் வேகம் ஒவ்வாவிடின் பயனில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கென அமைந்த பம்பியை 1,500 சுற்று எஞ்சினுடன் நேரே இணைத்தால், அது நீரை உயர்த்தும் உயரம் நாலிலொன்றாகக் குறையும். மாறாக 3,600 சுற்றில் ஓட்டினால், வேண்டிய வலு ஏறத்தாழ 73 சதவீதம் கூடும்; எஞ்சின் சூடேறிக் கெடும்.

பட்டி பூட்டி ஓட்டுவோர் இக்குறையைக் கப்பியால் நீக்கலாம். எஞ்சின் கப்பியின் விட்டத்தை எஞ்சினின் சுற்றாற் பெருக்கி, பம்பியின் சுற்றால் வகுத்தால், பம்பிக் கப்பியின் விட்டம் கிடைக்கும். எஞ்சின் 2,000 சுற்று, அதன் கப்பி 6 அங்குலம், பம்பிக்கு வேண்டியது 1,500 சுற்று எனின், பம்பிக் கப்பி 8 அங்குலமாதல் வேண்டும்.

3. சுழலும் திசை

எஞ்சினின் தண்டை நேரே நோக்கி நின்று, அது வலமாகச் சுழல்கின்றதா இடமாகச் சுழல்கின்றதா எனக் குறித்துக்கொள்க. பம்பியின் மேலுள்ள அம்புக்குறியுடன் அதனை ஒப்பிடுக. திசை மாறின் நீர் குறையும். திருகிப் பூட்டிய சுழலி கழன்றுவிடவுங்கூடும். இருசக்கர உழவு இயந்திரத்தில் திசை மாறினால், முன்செல்லும் கியரில் அது பின்னோக்கிச் செல்லும்.

4. தண்டும் அடித்தளமும்

தண்டு சாவி பூட்டும் நேர்த்தண்டா, கூம்புத் தண்டா, புரியுள்ள தண்டா என்பதைப் பார்த்தபின் விட்டத்தை அளவுகருவியால் அளக்க. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர், அது 20 மில்லிமீற்றர் அன்று. இவ்வேறுபாட்டை அரத்தால் தேய்த்தோ தகடு செருகியோ சரிக்கட்டினால், தண்டு நடுங்கி விரைவில் முறியும். அடித்தள ஆணித்துளைகளின் இடைவெளியையும் நிலத்திலிருந்து தண்டின் உயரத்தையும் ஒரு மட்டையிற் குறித்து எடுத்துச் செல்க.

பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. மாசி பேர்குசன் 35 என்னும் உழவு இயந்திரம் நான்கு உருளை ஸ்ராண்டர்ட் டீசல் எஞ்சினுடனும், மூன்று உருளை பேர்க்கின்ஸ் எஞ்சினுடனும் வெளிவந்தது. ஒன்றன் எஞ்சின் உறுப்பு மற்றொன்றிற்கு உதவாது. இருசக்கர உழவு இயந்திரங்கள் பலவற்றையும் லான்ட்மாஸ்டர் என்றே நாம் அழைப்பதும் இத்தகைய மயக்கத்துக்கு இடந்தருகின்றது.

5. எரிபொருள்

பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது தட்டும். எரியாத எண்ணெய் ஓயிலிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். டீசல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றின், மசகு குறைந்து எரிபொருட் பம்பி தேயும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்ததை எவரும் மறந்திரார். ஆதலால் வாங்கும் விலையோடு, ஒரு மணிநேர இறைப்புக்கு ஆகும் எரிபொருட் செலவையும் கணக்கிடுக.

6. உள்நிலை

கையாற் சுழற்றும்போது அமுக்கத்தின் எதிர்ப்பு உணரப்படல் வேண்டும். ஓயில் பால்போலிருப்பின் நீர் புகுந்துள்ளது. நீலப்புகை வரின் ஓயில் எரிகின்றது. கப்பியைப் பற்றி மேலும் கீழும் அசைத்தால் தண்டு ஆடலாகாது. பாரத்துடன் அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்தபின்னரே பணங்கொடுக்க. ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம், உதிரிப்பாகத்தின் விலைக்கு மேற் கொடாதிருத்தல் நன்று.

7. பதிவு

எஞ்சின் இலக்கம் அராவி அழிக்கப்பட்டிருப்பின் வாங்கற்க. பற்றுச்சீட்டுப் பெற்று வைத்திருக்க. பதிவுபெற்ற உழவு இயந்திரத்தின் எஞ்சினை மாற்றினால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லையேற் பின்னர் விற்கும்போது இடர் நேரும்.

பழைய எஞ்சின் பழுதானபின் கடைக்கு ஓடுவதிலும், போகம் தொடங்குமுன் அதன் வலு, வேகம், திசை, தண்டு, துளை, எரிபொருள் ஆகிய ஆறினையும் ஒரு தாளில் எழுதி வைத்தல் சிறந்தது. ஐயம் உளதாயின் அத்தாளுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. அரைமணி நேர அளவை ஒரு போகத்துப் பயிரைக் காக்கும்.