சுடுகுது என்றால் சொல்லுங்கோ

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் என்றால், அம்மாவுக்கும் முகத்தைப் பற்றிய யோசனை வந்துவிடும். வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும் பேச்சு இப்போது பேஷியலோடு நிற்பதில்லை. தாடையோரம் தொய்ந்த தோலைக் கத்தி வைக்காமல் இறுக்கித் தரும் மெஷின் வரை போகிறது. "வலியே இல்லை, உடனே வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது உறுதி சொன்னால், அந்த முதல் பாதியை நம்பாதீர்கள்.

இந்தச் சிகிச்சையின் வேலையே சூடாக்குவதுதான். ஹைஃபு எனப்படும் ஒலியலை மெஷின் மேல்தோலைத் தாண்டி, 1.5 முதல் 4.5 மில்லிமீற்றர் ஆழத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளை 60 பாகை செல்சியஸ் அளவுக்கும் அதற்கு மேலும் சூடாக்கும். கொலாஜன் நார்கள் சுருங்கும். புது நார் வளர இரண்டு மூன்று மாதமாவது எடுக்கும் என்பதால், கல்யாணத்துக்கு முதல் வாரம் ஓடிப்போவதில் பலனில்லை.

எலும்புக்குக் கிட்ட வரும்போது பல்லுக்குள் சுள்ளென்று இழுக்கும். சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும். சிலருக்குக் கன்னம் சில வாரம் மரத்திருக்கும். அரிதாகத் தாடையோர நரம்பில் சூடு பட்டு, சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். அதுவும் அநேகமாக மாறிவிடும். கன்னத்துக் கொழுப்பு கரைந்து குழி விழுந்தால்தான் கஷ்டம், அது லேசில் நிரம்பாது.

தோலைச் சூட்டால் இறுக்கும் இன்னொரு வகை ரேடியோ அலை. 2002இல் அமெரிக்காவில் தெர்மேஜ் என்ற ரேடியோ அலை மெஷினுக்கு அனுமதி கிடைத்த புதிதில், கடும் சூட்டை ஒரே ஓட்டத்தில் கொடுத்தார்கள். குழியும் தழும்பும் வரவே, சூட்டைக் குறைத்துப் பல தடவை ஓட்டும் முறைக்கு மாறினார்கள். "இப்ப எவ்வளவு சுடுகுது?" என்று படுத்திருப்பவரையே கேட்டுக் கேட்டுக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கமானது. அவர் சொல்லும் பதில்தான் அங்கே பாதுகாப்பு. எங்கள் பெண்களோ, "மிஸ் கோவிப்பா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். தயவுசெய்து அப்படிக் கிடக்காதீர்கள். ஒரே இடத்தில் எரிவு ஏறினால் "தாங்கேலாது, நிப்பாட்டுங்கோ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

லேசரைப் போல இந்த மெஷின்கள் தோலின் நிறத்தைத் தேடிச் சுடுவதில்லை, மாநிறத்துக்கும் பொருந்தும் என்பது உண்மையே. ஆனால் காயம் பட்டுவிட்டால், எங்கள் தோலில் கரும்படை மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளையாக்கும் கிறீம் பூசி வந்தவர்கள் அதை ஒளிக்கக் கூடாது. அதில் ஸ்டீரொயிட் இருந்தால் தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கும். ரேடியோ அலை என்றால் தோடு, மூக்குத்தியோடு தாலிக்கொடியையும் கழற்றச் சொல்வார்கள். மனம் ஒப்பாவிட்டாலும் கழற்றத்தான் வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ரேடியோ அலையே வேண்டாம்.

மரக்கச் செய்யும் கிறீமும் விளையாட்டல்ல. லேசரால் முடி நீக்குவதற்கு முன் அதைக் கால் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்ட இரு இளம் பெண்கள் இறந்ததை அடுத்து, 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 2025 ஒக்ரோபரில், ஊசிமுனை வழியாக ரேடியோ அலை செலுத்தும் முறையில் தீக்காயமும் நரம்புச் சேதமும் வந்ததாக அதே நிர்வாகம் அறிவித்து, இது வெறும் அழகுப் பராமரிப்பு அல்ல, மருத்துவச் சிகிச்சை என்றது.

ஆகவே படுக்கையில் ஏறுமுன், செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டர்தானா என்று கேளுங்கள். கொப்புளம் எழும்பினால் பற்பசை பூச வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடித்துவிட்டு, கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.