அப்பா பெயரில் 11,000 கடிதங்கள்

காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது கைத்தொலைபேசியில் ஏழு தவறிய அழைப்புகள். ஏழும் குளுவாங்கிலிருந்து, அண்ணன்.

"நீ மீடியா படிச்சவதானே, இது என்னன்னு கொஞ்சம் பாரேன். அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருது."

ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவளுக்கு மின்னஞ்சல் சர்வரும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் வீட்டில் நெடுநாளாக நிலவும் நம்பிக்கை. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். அன்றைக்கு வந்தது அப்படிப்பட்ட சங்கதி இல்லை. அப்பா தொடங்கி, இப்போது அண்ணன் நடத்தும் லாரி நிறுவனம் அது. ஐந்து லாரிகள், ஆறு மின்னஞ்சல் கணக்குகள், ஒரு கிளார்க் அக்கா. செம்பனை ஏற்றும் ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கான விலைப்புள்ளியை மறுநாள் நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். மூன்று முறை அனுப்பியும் மூன்று முறையும் திரும்பி வந்தது. உங்கள் சர்வர் தடைப் பட்டியலில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும்.

அண்ணனுக்குக் கோபம் வந்தால் அடுத்த வார்த்தை யோசித்து வராது. "நீங்கதான் ஏதோ கண்ட லிங்க்கை அமுக்கியிருப்பீங்க" என்று அக்காவைச் சத்தம் போட்டிருக்கிறார். பதினான்கு ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவர். நான் பேசியபோது அவர் குரல் உடைந்திருந்தது.

அன்று மாலை நான் கோலாலம்பூரிலிருந்து காரை எடுத்தேன். எங்கள் மாமா மகன் சிங்கப்பூரில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். அவரும் வேலை முடிந்து குளுவாங் வந்து சேர்ந்தார். இரவு பதினொரு மணிக்கு மூவரும் அலுவலகத்தில் உட்கார்ந்து சர்வரின் பதிவேட்டைத் திறந்தோம். எந்தக் கணக்கு, எந்த நேரம், எந்த நாட்டிலிருந்து நுழைந்தது என்று ஒவ்வொரு வரியும் அதில் இருக்கும். அனுப்பக் காத்திருந்த வரிசையில் மட்டும் 11,000 கடிதங்கள். போய்ச் சேர்ந்தவை எத்தனையோ. எல்லாம் யாரோ ஒரு வங்கியின் பெயரில் கடவுச்சொல் கேட்கும் மோசடிக் கடிதங்கள்.

அனுப்பிய கணக்கு அக்காவுடையது அல்ல. அப்பாவுடையது.

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பழைய வாடிக்கையாளர்கள் யாராவது அவருக்கு எழுதினால் தெரிய வேண்டும் என்று அண்ணன் அந்தக் கணக்கை மூடவில்லை. உண்மையான காரணம் அது மட்டுமில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடவுச்சொல், அப்பா முதன்முதலில் வாங்கிய லாரியின் பதிவு எண். அந்த லாரியின் படம் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் முதல் படமாக இருக்கிறது, எண் பளிச்சென்று தெரிய.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

குளுவாங் என்ற பெயரே மலாயில் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இருட்டியதும் கூட்டமாகக் கிளம்பும் அந்தப் பிராணியின் நினைவுதான் எனக்கு வந்தது. நாங்கள் தூங்கிய இரவுகளில் எங்கள் கூரையிலிருந்து இத்தனை கிளம்பியிருக்கின்றன.

ஸ்பேம் என்றாலே நம் பெட்டிக்குள் வரும் குப்பையை எப்படித் தடுப்பது என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். நம் வீட்டிலிருந்து ஊருக்குப் போகும் குப்பையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. முதலாவது தொல்லை. இரண்டாவது தொழிலையே நிறுத்தும். பெரிய நிறுவனமும் இதற்கு விலக்கில்லை என்று மாமா மகன் அன்றிரவு சொன்ன கதை ஒன்று.

2018 செப்டம்பர் 24. சென்னையில் வேரூன்றிய ஸோஹோ நிறுவனத்தின் இணையதளம் திடீரென்று உலகம் முழுவதும் காணாமல் போனது. யாரும் சர்வரை உடைக்கவில்லை. ஸோஹோவின் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியராநெட் என்ற நிறுவனமே அந்தப் பெயரை முடக்கிவிட்டது. ஸோஹோவின் மின்னஞ்சல் வழியாக மோசடிக் கடிதங்கள் போகின்றன என்ற புகார்கள்தான் காரணம். வந்தவை மூன்றே புகார்கள், இரண்டின் மீது உடனே நடவடிக்கை எடுத்தோம், மூன்றாவதை விசாரித்துக்கொண்டிருந்தோம் என்றார் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்ரீதர் வேம்பு. மூன்று கோடிக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட நிறுவனத்தின் தலைவர், டுவிட்டரில் பொதுவெளியில் உதவி கேட்க வேண்டி வந்தது. சில மணி நேரத்தில் பெயர் மீண்டது.

அதன் பிறகு ஸோஹோ அறிவித்த நடவடிக்கைகள்தான் கவனிக்க வேண்டியவை. இலவசக் கணக்குகளுக்கும் கைத்தொலைபேசி எண் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. வெளியே கடிதம் அனுப்பும் கணக்குகளில் நுழைவு முறை சந்தேகமாக இருந்தால் தடுத்தது. தன் பெயரில் யார் அனுப்பலாம் என்ற விதிகளை இறுக்கியது. மூன்றுமே வெளியே போவதைப் பற்றியவை.

சரி, மின்னஞ்சலை ஏன் இவ்வளவு எளிதாக ஏமாற்ற முடிகிறது? அதை உருவாக்கியபோது எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தார்கள். கடிதப் பரிமாற்றத்தின் அடிப்படை விதிகளை ஜான் போஸ்டல் 1982இல் எழுதினார். அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுதினாலும் அந்த விதிகள் கேள்வி கேட்பதில்லை. தபால் உறையின் பின்புறம் மாதிரிதான். இதில் வேடிக்கை, வேண்டாத கடிதங்கள் ஒருநாள் பிரச்சினை ஆகும் என்று 1975லேயே குறிப்பு எழுதி வைத்தவரும் அதே போஸ்டல்தான். 1978 மே மாதம் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், அன்றைய ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் அப்பாவின் கணக்கைப் பூட்டி, வரிசையில் நின்ற கடிதங்களை அழித்தோம். பிறகு கதவுகள். சர்வருக்குப் பல கதவுகள் உண்டு, எண்களால் அழைப்பார்கள். 25ஆம் எண் கதவு, வெளியூர் சர்வர்கள் நமக்குக் கடிதம் கொண்டுவருவதற்கு. நம் ஆட்கள் அனுப்புவதற்கு 587 அல்லது 465. எங்கள் சர்வரில் 25ஆம் கதவிலேயே கடவுச்சொல் கொடுத்து உலகம் முழுவதற்கும் அனுப்பலாம் என்று இருந்தது. அதை மூடினோம். இனி 25இல் வருபவர் எங்கள் முகவரிகளுக்கு மட்டுமே கடிதம் தரலாம். அனுப்ப விரும்பும் எங்கள் ஆள் 587க்கு வந்து, மறையாக்கப்பட்ட இணைப்பில், தன் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும். தன் பெயரில் மட்டுமே அனுப்பலாம். அக்கா கணக்கில் நுழைந்து அண்ணன் பெயரில் எழுத முடியாது. மணிக்கு 60 கடிதங்களுக்கு மேல் ஒரு கணக்கிலிருந்து போகாது. இந்த ஒரு வரம்பு முன்பே இருந்திருந்தால், 11,000 என்பது ஒரே இரவில் சேர்ந்திருக்காது.

கடவுச்சொல்லை ஐந்து முறை தவறாகச் சொல்லும் முகவரியை ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்திவைக்கும் ஃபெயில்டுபேன் என்ற இலவச மென்பொருளையும் போட்டோம். மறுநாள் காலை அதன் பட்டியலைப் பார்த்தால் நூற்றுக்கணக்கான முகவரிகள். ஒரு சின்ன லாரிக் கம்பெனியின் கதவை இரவெல்லாம் இத்தனை பேர் தட்டுகிறார்களா என்று அண்ணனுக்கு ஆச்சரியம். தட்டுபவை மனிதர்கள் அல்ல, நிரல்கள். அவற்றுக்குச் சின்னது பெரிது தெரியாது.

கணக்குகளுக்குள் நுழைவதை மலேசியா, சிங்கப்பூர் முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கினோம். அடுத்த மாதமே அண்ணன் பழனிக்குப் போய், மெயில் திறக்கவில்லை என்று அங்கிருந்து எனக்கு அழைத்தார். இது வேறு கதை. ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்த நாட்டுக் கட்டுப்பாட்டை 25ஆம் கதவில் போடக்கூடாது. உங்கள் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அவருடைய ஜிமெயில் கடிதம் வெளிநாட்டு சர்வரிலிருந்து வந்து நிற்கலாம்.

உள்ளே வரும் குப்பைக்குச் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது 'கிரேலிஸ்டிங்'. புதிதாக வரும் சர்வரிடம் "இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது. முறையான சர்வர் காத்திருந்து மறுபடி வரும். ஒரே மூச்சில் லட்சம் கடிதம் வீசும் நிரலுக்கு அந்தப் பொறுமை பெரும்பாலும் இருப்பதில்லை. எங்கள் வானொலியில் நேயர் அழைப்பு வந்தால் தயாரிப்பாளர் உடனே ஒலிபரப்பில் இணைப்பதில்லை. "கொஞ்சம் கழித்து அழையுங்கள்" என்பார். விளையாட்டுக்கு அழைப்பவர் திரும்ப வருவது அபூர்வம். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் செய்வதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.

எல்லாம் வழுவழுவென்று போகவில்லை. அறியப்பட்ட ஸ்பேம் முகவரிகளின் பட்டியலை ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு பராமரிக்கிறது. கடிதம் வரும்போதெல்லாம் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கும்படி சர்வரை அமைத்தோம். ஒரு மதியம் ஒரு கடிதம்கூட வரவில்லை. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் சரியான விடை தராது, பிழைக் குறியீடு ஒன்றைத்தான் திருப்பும். எங்கள் சர்வர் அந்தக் குறியீட்டையே 'தடை' என்று எடுத்துக்கொண்டு எல்லாரையும் விரட்டியிருக்கிறது. கேட்கும் வழியை மாற்றியதும் சரியானது. நாங்கள் சிக்கியிருந்த பட்டியலும் ஸ்பாம்ஹாஸுடையதுதான். ஓட்டையை அடைத்துவிட்டு விண்ணப்பித்தால் கட்டணமின்றி நீக்குகிறார்கள். நீக்கித் தருகிறேன், காசு கொடு என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

இனி, எங்கள் பெயரில் யார் அனுப்பலாம் என்ற கேள்வி. அதற்கு மூன்று பதிவுகள். எஸ்பிஎஃப் என்பது எங்கள் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல். டிகேஐஎம் ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் போடும் முத்திரை. டிமார்க், இவை இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்கு நாங்கள் சொல்லும் அறிவுரை. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. குறைவாக அனுப்புவோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று வைக்காதீர்கள். நாங்கள் ஒரு மாதம் 'வெறுமனே கவனி' என்று வைத்து, வந்த அறிக்கைகளைப் படித்தோம். அப்போதுதான் எங்கள் பில் அனுப்பும் மென்பொருள் வேறொரு சர்வரிலிருந்து எங்கள் பெயரில் அனுப்புவது தெரிந்தது. அவசரப்பட்டிருந்தால் எங்கள் பில்லை நாங்களே குப்பைக்கு அனுப்பியிருப்போம்.

இவ்வளவு தலைவலி வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். என் கருத்து, சின்ன நிறுவனங்கள் சொந்த சர்வர் வைத்துக்கொள்ளாமல் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஸோஹோ போன்றவற்றில் மாதக் கட்டணம் கட்டுவதே நல்லது. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே போனாலும் அந்த மூன்று பதிவுகளும், இரட்டைச் சரிபார்ப்பும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவதும் நம் பொறுப்புதான். உங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்குக் கடிதம் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். மூன்று பதிவுகளுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. மோசடிக் கடிதத்தை நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் 997ஐ அழையுங்கள்.

அந்த ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அண்ணன் விலைப்புள்ளியை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்கே காரில் போனார். மின்னஞ்சலில் மட்டுமே ஏற்போம் என்று வரவேற்பில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு ஒரு லாரியை விற்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை அக்காவையும் அழைத்துக்கொண்டு ரயில் நிலையக் காப்பிக்கடைக்குப் போனோம். 1938 முதல் இருக்கும் கடை. எங்கள் குடும்பத்தில் சமாதானப் பேச்சுகள் எல்லாம் நாசி லெமாக் பொட்டலங்களுக்கு நடுவேதான் நடக்கும். காப்பி வரும்வரை அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தப்பு என்னோடதுக்கா. விசாரிக்காம பேசிட்டேன்" என்றார். அக்கா, "விடுங்க தம்பி, ரொட்டி ஆறுது" என்றார்.

அப்பாவின் கணக்கை என்ன செய்வது என்று மாமா மகன்தான் கேட்டார். அழித்துவிடலாம் என்றேன் நான். அண்ணன் பதில் சொல்லவில்லை. கணக்குவாரியாக அனுப்பும் உரிமையை மட்டும் எடுத்துவிட முடியும் என்றார் மாமா மகன். அன்று மாலையே அப்படிச் செய்தோம். இப்போது அப்பாவின் பெட்டிக்குக் கடிதம் வரலாம். அங்கிருந்து ஒன்றும் வெளியே போகாது. கடவுச்சொல் இருபது எழுத்து, அண்ணன் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

போன தீபாவளிக்கு அதில் ஒரு கடிதம் வந்தது. பத்து பகாட்டில் இருக்கும் பழைய டயர் வியாபாரி, அப்பா இறந்த செய்தி தெரியாமல், வாழ்த்து அனுப்பியிருந்தார். அண்ணன் தன் சொந்தக் கணக்கிலிருந்து அவருக்குப் பதில் எழுதினார்.