வேலையா, படிப்பா?

"மாசம் 37,000 தர்றாங்கன்னா அது வேலைதானே? அப்புறம் ஏன் படிக்கப் போறேங்கிறா?" டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார் பக்கத்து வீட்டு அண்ணன். மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு நெட் தேர்வுக்குப் படிக்கிறாள்.

படிப்புதான் அண்ணே, பணத்தோடு வருகிற படிப்பு. சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு அமைப்புக்கு நாடு முழுக்க 37 ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. நம்ம காரைக்குடி சிக்ரியும் அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் சேர்த்தி. அங்கே பிஎச்.டி. செய்கிற பிள்ளை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திண்டாடக் கூடாது என்று கொடுப்பதுதான் ஃபெலோஷிப். முதல் இரண்டு வருடம் ஜேஆர்எஃப், 37,000. பிறகு ஒரு குழு அவள் செய்த ஆய்வைப் பார்த்துச் சரி என்றால் எஸ்ஆர்எஃப், 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் 5 வருடம். பென்ஷன் கிடையாது, முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உறுதியும் கிடையாது.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போக இரண்டு வாசல் உண்டு. நெட் எழுதி ஜேஆர்எஃப் வாங்கினால் பணம் உங்கள் மகள் பெயரில் வரும். தனக்குப் பிடித்த துறையில் வழிகாட்டியைத் தேடி அவளே போகலாம். இன்னொன்று, ஒரு விஞ்ஞானி நடத்தும் புராஜெக்டில் சேருவது. விளம்பரம் வரும், நேர்காணல் வைப்பார்கள், நெட் இல்லாதவர்களையும் சில இடங்களில் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பணம் புராஜெக்டுக்கு வந்த பணம். புராஜெக்ட் முடிந்தால் இவள் இடமும் முடிந்தது. பிஎச்.டி. பதிவும் தானாக வந்துவிடாது. இது தெரியாமல் சேர்ந்து, மூன்றாவது வருடம் கையைப் பிசைந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கருவிகளைத் தொட்டுப் பழக நல்ல இடம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. "எத்தனை மாதம், பிஎச்.டி. பதிவு செய்யலாமா?" என்று சேருவதற்கு முன்பே வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அவள் மேசையைப் பார்த்தேன். கரிம வேதியியல் நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன, நெட் தேர்வின் ஏ பகுதிக்கு ஒரு தாள்கூட இல்லை. வரைபடம் பார்ப்பது, விகிதக் கணக்கு போன்ற பொதுக் கேள்விகள் அவை. 20ல் 15 எழுதினால் போதும், 200க்கு 30 மதிப்பெண் அங்கேயே இருக்கிறது. வேதியியலில் தேறிய பிள்ளைகள் இதை அலட்சியமாக விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

தூர தேசம் அனுப்பணுமே என்ற கவலையும் வேண்டாம், சிக்ரி நம்ம காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் 1948இல் நேரு இங்கே வந்து சிக்ரிக்கு அடிக்கல் நாட்டினார். பேட்டரி, துருப்பிடித்தல் என்று அவள் படித்த வேதியியல்தான் அங்கே நாள் முழுக்க நடக்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சேர்ந்த உடனே பணம் வந்துவிடாது. சேர்ந்ததற்கான கடிதம், வங்கி விவரம் எல்லாம் மேலே போய்த் திரும்பச் சில மாதம் பிடிக்கலாம். அதுவரைக்கும் விடுதிச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் அண்ணே.