அறுபது மீட்டர் வெளிச்சம்

நீலாம்பூரில் தொடங்கி மதுக்கரையில் முடியும் கோவை பைபாஸ் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் நீளம். சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. கேரளாவுக்குப் போகும் லாரிகள் ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகட்டும் என்று 1990களின் இறுதியில் இருவழிச் சாலையாக இதைப் போட்டார்கள். அன்று இது ஊருக்கு வெளியே இருந்தது. இன்று ஊர் இதைத் தாண்டிப் போய்விட்டது. திருச்சி சாலை, போத்தனூரிலிருந்து செட்டிபாளையம் போகும் சாலை, பொள்ளாச்சி சாலை எல்லாம் இந்த பைபாஸைக் குறுக்கே வெட்டுகின்றன. குறிச்சி சிட்கோவில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களும், போத்தனூர் ஜங்ஷனில் கடைசி ரயிலிலிருந்து இறங்குகிறவர்களும், பேருந்தை விட்டு இறங்கி மறுபக்கம் கடக்கிறவர்களும் வேகமாக வரும் லாரிகளோடு ஒரே இருட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பைபாஸின் பெரும்பகுதி இரவில் வண்டி விளக்கை நம்பியே கிடக்கிறது. கம்பம் நிற்கிற இடத்திலும் விளக்கு எரியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இது ஒரு வசதிக் குறைவு, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த விதிப்படி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, எதிரில் ஒன்றைக் கண்டு பிரேக் போட்டு நிற்க 120 மீட்டர் வேண்டும். நொடிக்கு 22 மீட்டர் ஓடும் வேகம் அது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு இரண்டரை நொடி என்று விதி எடுத்துக்கொள்கிறது. அதற்குள்ளேயே 55 மீட்டர் கழிந்துவிடும். ஆனால் டிம் போட்ட ஹெட்லைட் சாலையைத் தெளிவாகக் காட்டும் தூரம் சுமார் 50, 60 மீட்டர்தான். கறுப்புச் சட்டை போட்டு நடந்து போகிறவர் அதைவிடக் கிட்டத்தில்தான் கண்ணில் படுவார். அதாவது, ஓட்டுநர் ஆளைப் பார்த்துக் காலைப் பிரேக்கில் வைக்கும்போது வண்டி ஆளருகே வந்துவிட்டிருக்கும். குடிக்காத, தூங்காத, விதி மீறாத ஓட்டுநருக்கும் இதே கணக்குத்தான். டிம் லைட்டை மட்டும் நம்பினால் பாதுகாப்பான வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அதற்கு விதி கேட்கும் தூரம்தான் 60 மீட்டர்.

பிரைட் போட்டால் தூரம் கூடும். ஆனால் இருவழிச் சாலையில் எதிரே வண்டி வந்துகொண்டே இருக்கும்போது பிரைட் போடுவது எதிரில் வருகிறவரின் கண்ணைப் பறிப்பதாகும். கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்பச் சில நொடிகள் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் 66 மீட்டரைக் குருடராகக் கடப்பது. வயது ஏற ஏற இது மோசமாகும்: 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்கு எட்டாத மீதித் தூரத்தைக் காட்ட வேண்டிய வேலை சாலையுடையது. தெருவிளக்கு இருப்பது அதற்காக.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 4,61,312 விபத்துகள் நடந்து 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் இரண்டு சதவீதம்; மரணங்களில் அவற்றின் பங்கு 36 சதவீதம். மொத்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு மாலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் நடக்கிறது. வேறெந்த மூன்று மணி நேரத்திலும் இவ்வளவு இல்லை. மாலை நெரிசலும் இதற்கு ஒரு காரணம்தான். அதனால் நெரிசலையும் இருட்டையும் பிரித்துக் காட்டும் அமெரிக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். அங்கே வண்டிகள் ஓடும் தூரத்தில் கால் பங்குதான் இரவில்; உயிர்ப்பலி விபத்துகளில் ஏறக்குறைய பாதி இரவில். சாலை காலியாக இருக்கும் நேரத்தில்தான் ஓடும் தூரத்துக்கு அதிகம் பேர் சாகிறார்கள் என்றால் நெரிசல் மட்டும் குற்றவாளி ஆக முடியாது.

விளக்குப் போட்டால் விபத்து குறையுமா? சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1992-ல் 15 நாடுகளின் 62 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பெரும்பாலானவை குறைகிறது என்றே காட்டின. இரவு விபத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்பது சாலைப் பொறியாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. 2009-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் இதே திசையைத்தான் காட்டியது. ஆனால் தான் பார்த்த ஆய்வுகள் எல்லாம் பணக்கார நாடுகளில் நடந்தவை, அவற்றின் தரமும் உயர்ந்ததல்ல என்று அதுவே எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் வலுவான சான்றும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளில், 2000 முதல் 2013 வரையிலான பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. செலவைக் குறைக்கத் தெருவிளக்குகளை அணைத்த இடங்களிலும், நள்ளிரவுக்குப் பின் அணைத்த இடங்களிலும் விபத்து கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றது அது. நார்வேயில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, விளக்குப் போட்டதும் ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள், கவனத்தைக் குறைக்கிறார்கள் என்று கண்டது. இவற்றை வைத்து விளக்கே வேண்டாம் என்று வாதிடலாமா? இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் எந்த விளக்கை அணைக்கலாம் என்று ஆராய்ந்துதான் அணைத்தன; ஆபத்தான சந்திப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. அங்கே நடைபாதை தனி, சாலைக் கோடு இரவில் மின்னும், பழுதான வண்டியைச் சாலையில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இல்லை. நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஏறக்குறைய 20 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், சாலையில் படுத்திருக்கும் மாடு இவை எதுவும் அந்த இங்கிலாந்து ஆய்வின் கணக்கில் இல்லை. வேகம் கூடுவது உண்மையான கேடு. அதற்கு மருந்து வேகக் கட்டுப்பாடு.

அந்த எதிர்ச்சான்றுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: 28 கிலோமீட்டரையும் பகலாக்க வேண்டியதில்லை. நம் விதிகளும் அதைக் கேட்கவில்லை. ஊர் அடர்ந்த பகுதி, பெரிய சந்திப்பு, மேம்பாலம், சுரங்கப்பாதை, பேருந்து நிறுத்தம், லாரி நிறுத்துமிடம், சுங்கச்சாவடி ஆகிய இடங்களில் விளக்கு வேண்டும் என்கின்றன நெடுஞ்சாலைக் கையேடுகள். மதுக்கரையைத் தாண்டி வாளையார் பக்கம் யானைகள் நடமாடும் காட்டோரத்தில் விளக்கு வைக்காமல் இருப்பதே நல்லது. மனிதர் குறுக்கே கடக்கும் இடம்தான் கேள்வி. அந்த இடத்தில் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும்.

எரியாத விளக்கு, விளக்கே இல்லாத இடத்தைவிட ஆபத்தாக மாறும். ஐ.எஸ். 1944 என்ற எண்ணுள்ள இந்தியத் தரநிலை, வேகமாக வண்டி ஓடும் முக்கியச் சாலைக்குச் சராசரியாக 30 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது. அதோடு, மிகக் குறைந்த வெளிச்சம் உள்ள இடத்திலும் சராசரியில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. காரணம் கண்ணில் இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பழகிய கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நாலு விளக்கு எரிந்து அடுத்த மூன்று எரியாமல் போனால், அந்த மூன்றுக்கும் அடியில் ஒரு கரும்பட்டை விழும். அங்கே நிற்கும் ஆள், முழு இருட்டில் நிற்பவரைவிடக் குறைவாகத் தெரிவார். காகிதத்தில் மட்டும் அந்த இடம் ‘விளக்கு உள்ள பகுதி’ என்றே பதிவாகியிருக்கும்.

விளக்கு ஏன் அணைகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. குடிநீர்க் குழாய்க்கோ சாக்கடைக்கோ தோண்டும்போது கேபிள் அறும். கேபிளைத் திருடுவார்கள். டைமர் கெடும். வண்டி இடித்த கம்பம் திரும்ப நடப்படாது. எல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் வேலை. மாதக்கணக்கில் இழுப்பது வேறொன்று: அது யாருடைய விளக்கு என்ற கேள்வி. சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தினுடையது. பராமரிப்பு ஒப்பந்ததாரருடையது. மின்சாரம் மின்வாரியத்தினுடையது. சாலை கடந்து போகும் ஊர்களோ நீலாம்பூர் ஊராட்சி, இருகூர் பேரூராட்சி, கோவை மாநகராட்சி, செட்டிபாளையம் பேரூராட்சி, மதுக்கரை நகராட்சி என்று ஒவ்வொன்றும் ஒரு நிர்வாகம். கம்பம் நட்டவர் ஒருவர், கரண்ட் பில் கட்ட வேண்டியவர் இன்னொருவர், பழுது பார்க்க வேண்டியவர் மூன்றாமவர் என்று ஆகிவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டிவிடலாம். நெடுஞ்சாலை விளக்கு எதுவானாலும் அதன் பில்லையும் பழுதையும் சுங்கம் வசூலிக்கும் சாலையின் சொந்தக்காரரே ஏற்க வேண்டும் என்று தெளிவாக விதி எழுதுவதுதான் இதற்கு வழி. சின்ன பேரூராட்சியின் வீட்டுவரிப் பணத்தில் கேரளா போகும் லாரிக்கு விளக்கெரிக்கச் சொல்வது நியாயமில்லை.

செலவு அதிகம் என்பார்கள். ஒரு சந்திப்புக்கு 150 வாட் எல்.இ.டி. விளக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 36 யூனிட். ஆண்டுக்கு 13,140 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று போட்டாலும் ஆண்டுச் செலவு 1,31,400 ரூபாய். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் ஒருவர் இறந்தால், 2022 ஏப்ரல் முதல் அரசுத் திட்டம் தரும் நிவாரணமே 2 லட்சம் ரூபாய். ஒரே ஒரு மரணத்துக்கான தொகை, ஒரு சந்திப்பை ஓராண்டுக்கு மேல் வெளிச்சமாக வைத்திருக்கப் போதும். விளக்கு வைக்க முடியாத இடங்களுக்கு இன்னும் மலிவான வழி உண்டு: இரவில் மின்னும் ஓரக்கோடு, சாலையில் பதிக்கும் ஒளிப்பான், லாரியின் பின்னால் ஒட்டும் சிவப்பு நாடா.

பொறுப்பைக் கேட்கச் சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரநிலையைப் பின்பற்றாமல் விட்டு, அதனால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால், பொறுப்பான அதிகாரியமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. சாலைப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனதே கோவைக்காரர்தான். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைந்தது. விபத்துப் புள்ளிகளைக் கண்டறிந்து சரிசெய்வது, சாலைப் பாதுகாப்புத் தணிக்கை, மாவட்டந்தோறும் குழு என்ற உத்தரவுகள் 2017 நவம்பரில் வந்தன. அந்தத் தணிக்கை பகலில் மட்டும் நடந்தால் பயனில்லை. மாவட்டக் குழு இரவு எட்டு மணிக்கு மேல் பைபாஸில் ஒருமுறை நடந்து, எரியாத ஒவ்வொரு கம்பத்தையும் எண்ணி, யார் பொறுப்பு என்ற பெயரோடு அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்ய வேண்டியது: தேசிய நெடுஞ்சாலையில் எரியாத விளக்கைக் கண்டால் வண்டியை ஓரமாக, பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, இடத்தையும் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சொல்லி 1033-க்குப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.