மண்வாரிக்குள் இரண்டு கம்பிகள்

ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த பங்சார், இன்று அடுக்குமாடிகள் நிறைந்த நகர்ப்பகுதி. எல்ஆர்டி இரயிலின் சன்னல் வழியே பார்த்தால், எங்கேனும் ஒரு மூலையில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும் மண்வாரி இயந்திரம் கண்ணில் படும். மலாய்மொழியில் இதனை ‘ஜெங்காவுட்’ என்பர். தமிழ்நாட்டில் ‘பொக்லைன்’ என்பர். அது உண்மையில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். மண்வாரி என்றதும் இரும்புக் கையும் டீசல் புகையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், இன்றைய மண்வாரிக்குள் பல சிறு கணினிகளும் இருக்கின்றன.

பங்சாரில் ஒரு கட்டுமானத் தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் நாள் மாலை பெருமழை. மறுநாள் காலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் உயிர் பெறுகிறது. ஆனால், வேகம் கூடவில்லை. இரும்புக் கை சோம்பலாக நகர்கிறது. ‘எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் தொடர்பு இல்லை’ என்று திரை எச்சரிக்கிறது. மண் ஏற்ற வந்த லாரிகள் வரிசையில் காத்து நிற்கின்றன. சரிவில் பாதி தோண்டிய குழி, அடுத்த மழைக்குத் திறந்து கிடக்கிறது.

“பெட்டி கெட்டுவிட்டது, புதியதை மாற்றுங்கள்” என்கிறார் ஒருவர். பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்துப் புதிய பெட்டியைப் பொருத்துகிறார்கள். சாவியைத் திருப்பினால், திரையில் மீண்டும் அதே எச்சரிக்கை!

எங்கே தவறு நடந்தது? திரை, பெட்டி கெட்டுவிட்டதாகச் சொல்லவே இல்லை. அதனுடன் தொடர்பு இல்லை என்று மட்டும்தான் சொன்னது. இரண்டும் ஒன்றல்ல. வகுப்பில் ஆசிரியர் பெயரை அழைக்கும்போது ஒரு மாணவர் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வராமல் இருக்கலாம். வந்தும் தொண்டை கட்டியிருக்கலாம். அவர் பதில் சொல்லியும், வெளியே ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலில் ஆசிரியரின் காதில் விழாமல் போயிருக்கலாம். காரணம் தெரியாமல் ‘வரவில்லை’ என்று குறித்துவிட முடியுமா?

மண்வாரியில் எஞ்சினுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. எண்ணெய் அழுத்தத்தைத் தரும் பம்புக்கு ஒன்று, ஓட்டுநரின் திரைக்கு ஒன்று எனப் பிற பெட்டிகளும் உண்டு. பம்பு அதிக வேலை செய்யப்போகிறது என்றால், எஞ்சினுக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். எனவே, இப்பெட்டிகள் ஒன்றோடொன்று இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. தொடர்பு அறுந்தால், பல இயந்திரங்கள் சேதத்தைத் தவிர்க்கத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் மண்வாரியின் சோம்பலுக்கு அதுவே காரணம்.

இந்தப் பேச்சு நடைபெறும் பாதைக்குக் ‘கேன் பஸ்’ என்று பெயர். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கி, 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்தியது. முதலில் கார்களுக்காக வந்தது; பின்னர் லாரிகளிலும் கனரக இயந்திரங்களிலும் இடம்பிடித்தது. ‘பஸ்’ என்பது இங்கே நாம் ஏறிச் செல்லும் பேருந்து அன்று. ஆனாலும், இரண்டு சொற்களும் இலத்தீன் மொழியில் ‘அனைவருக்கும்’ எனப் பொருள்படும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. ஒரே பாதையை எல்லாப் பெட்டிகளும் பகிர்ந்துகொள்வதால், இப்பெயர் பொருத்தமானதே. இரு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், முக்கியமான செய்தி தொடரும். மற்றது விலகிக் காத்திருக்கும். மனிதர்கள் கூடும் கூட்டங்களில்கூட இவ்வளவு ஒழுங்கைக் காண்பது அரிது.

இத்தனை பேச்சுக்கும் இரண்டே கம்பிகள் போதும். கனரக வாகனங்களில் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று பச்சையாகவும் இருப்பது வழக்கம். பாதை அமைதியாக இருக்கும்போது இரண்டிலும் ஏறக்குறைய 2.5 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். பேசும்போது ஒன்றில் 3.5 வோல்ட்டாக உயரும், மற்றொன்றில் 1.5 வோல்ட்டாகத் தாழும். பெட்டிகள் கவனிப்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி வைத்திருப்பதும் இதற்காகவே. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் பாதிக்கும், வேறுபாடு மாறாது.

பாதையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். சமிக்ஞை முனையில் மோதி எதிரொலிபோல் திரும்பி வராமல் அது தடுக்கிறது. பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கும் சிறந்த துப்பும் இதுவே. ஆரம்பப்பள்ளியில் படித்த இணைக்கரை மின்சுற்றை நினைவுகூருங்கள். இரண்டு 120 ஓம் மின்தடைகளை இணைக்கரையில் இணைத்தால் மொத்தம் 60 ஓம். ஆகவே, இயந்திரத்தின் மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டு, இரு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், அது ஏறத்தாழ 60 காட்ட வேண்டும். 120 காட்டினால், ஒரு முனையின் மின்தடை நமக்கு எட்டவில்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கலாம். சுழியத்தை நெருங்கினால், இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. 40 காட்டினால்? யாரோ மூன்றாவது மின்தடையைச் சேர்த்திருக்கிறார்கள்! பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும்.

நம் மண்வாரிக்குத் திரும்புவோம். அனுபவமுள்ள தொழில்நுட்பர் ஒருவர் வருகிறார். மண்கோரும் வாளியைத் தரையில் இறக்கச் செய்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். தாம் உள்ளே கைவைத்திருக்கும்போது வேறு யாரும் இயந்திரத்தை இயக்கிவிடக்கூடாது என்பதில் அவருக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை. அதன் பின்னர், எந்தெந்தப் பெட்டிகள் புகார் செய்தன என்று பதிவைப் பார்க்கிறார். எஞ்சின் பெட்டி பேசவில்லை எனத் திரையும் சொல்கிறது. பம்புப் பெட்டியும் சொல்கிறது. திரையும் பம்பும் தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொள்கின்றன. திரைக்கு மட்டும் கேட்காமல் பம்புக்குக் கேட்டிருந்தால், எஞ்சின் பெட்டியின் மீது ஐயமே எழுந்திருக்காது. இங்கு இருவருக்கும் கேட்கவில்லை. எனவே, ஒன்று எஞ்சின் பெட்டியிடம் கோளாறு. அல்லது அதற்குச் செல்லும் வழியில் கோளாறு.

அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா, தரை இணைப்பு உறுதியாக உள்ளதா என்று முதலில் பார்க்கிறார். இரண்டும் சரி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஓட்டுநர் அறையிலுள்ள சோதனை முனையில் அளக்கிறார்: 120 ஓம். எஞ்சின் பக்கத்துக்குச் சென்று அங்கும் அளக்கிறார்: அதுவும் 120. இரு முனைகளிலும் மின்தடைகள் நலமாக இருக்கின்றன. ஆனால், ஒன்றையொன்று எட்டவில்லை. ஆக, முறிவு நடுவில்தான்.

இனி அவருடைய கண்ணும் விரலுமே கருவிகள். கம்பிக் கற்றையைப் பின்தொடர்ந்து, இரும்பில் உராயும் இடங்களைத் தடவிப் பார்க்கிறார். எலி கடித்த தடம் உண்டா என்றும் பார்க்கிறார். பழுது வருவதும் போவதுமாக இருந்தால், கம்பியை மெல்ல அசைத்தபடியே மீட்டரைக் கவனிக்க வேண்டும். அதிர்விலும் வெயிலிலும் மட்டும் தலைகாட்டும் இத்தகைய பழுதுதான் தொழில்நுட்பரின் பொறுமையை மிகவும் சோதிக்கும். மனிதர் செய்யும் தவறுகளும் உண்டு. அழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவும்போது இணைப்பிகளில் நீர் புகும். மின்கலத்தையும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் கழற்றாமல் இயந்திரத்தின்மீது மின்பற்றவைப்பு செய்தால், பெட்டியே கருகிவிடக்கூடும்.

ஓட்டுநர் அறைத் தளத்தின் அடியில் ஓர் இணைப்பி. அதன் இரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. திறந்தால் உள்ளே மழைநீர். ஓர் ஊசி முனை அரித்து உடைந்திருக்கிறது. தொழில்நுட்பர் ஊசியை மாற்றி, ஈரத்தைத் துடைத்து உலர்த்தி, புதிய வளையம் இட்டு மூடுகிறார். மீண்டும் அளக்கிறார்: 60 ஓம். கழற்றி வைத்திருந்த பழைய பெட்டியையே திரும்பப் பொருத்துகிறார். திரையில் எச்சரிக்கை இல்லை. முதல் லாரி மண் ஏற்றப் பின்னோக்கி வருகிறது.